ஒத்திகைதான், சும்மா நில்லுங்க

எங்கள் நகரியத்துக்குப் படம் எடுக்க வந்த அந்த டைரக்டர் என்னை ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. பேசுவார்; பேசும்போது கண் என் தோளுக்குப் பின்னால் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தில் இருக்கும். நேராகப் பார்த்தால் நான் உடனே ஏதாவது செய்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். என்னை யாராவது தொடர்ந்து பார்த்தால் என் புருவம் தானாக மேலே ஏறும், வாய் கோணும், அடுத்து ஒரு ஜோக் வந்து விழும். பல் டாக்டரிடம்கூட இதே கதைதான். வாய்க்குள் குறடு இருந்ததால் அந்த ஜோக் மட்டும் உலகத்துக்குக் கிடைக்காமல் போயிற்று.

அறுபதுகளின் நடுவில் நான் நெய்வேலிச் சுரங்கத்தின் ஸ்டோரில் குமாஸ்தா. பகலில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுப்பேன். சாயங்காலம் ரிக்ரியேஷன் கிளப் மேடையில் காமெடியன். நகரியத்தில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குச் சிரிப்பாக இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் காமெடியனாக இருக்கப் பெரிய திறமை வேண்டாம். ஆனால் அப்போது அது எனக்குத் தெரியாது.

டைரக்டரை நான் முதலில் பார்த்தது ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்தில். சில நாட்களாகவே ஒரு மனிதர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, ரப்பர் செருப்பு, கக்கத்தில் கறுப்புக் குடை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் குடையை விரிக்க மாட்டார். மடியில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம். பஸ் வரும், போகும். இவர் ஏற மாட்டார். கடலையை உரித்தபடி, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குப் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். சோற்றுக்கு வந்த காக்கை நேராகப் பார்க்காது. கழுத்தைத் திருப்பி ஒரு கண்ணால் பார்க்கும். அந்தப் பார்வை.

காண்ட்ராக்ட் வேலை தேடி வந்தவர் என்று முடிவு கட்டினேன். அப்படித் தினமும் ஆட்கள் வருகிற காலம். எனக்கோ உபகாரம் செய்கிற வியாதி உண்டு.

"பெரியவரே, இங்க உக்காந்தா வேலை வராது. மெயின் கேட்டுப் பக்கம் மேஸ்திரி ஒருத்தர் இருக்காரு. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. வயசு கேட்டாருன்னா குறைச்சுச் சொல்லுங்க."

"சரிங்க" என்றார். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "தலைக்கு மை போட்டுக்கோணுங்களா?"

"போட்டா நல்லது. குடையைக் கொண்டுபோகாதீங்க. குடை வெச்சிருக்கறவன் மண்ணு வெட்ட மாட்டான்னு மேஸ்திரி நினைப்பாரு."

"அதும் நாயந்தானுங்களே" என்று சொல்லி, பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். தோலோடு ஒரு பிடி எடுத்து நானே உரித்துத் தின்றேன். தோலோடு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் கிளப்பில் மாலையும் மைக்கும் தயாராக இருந்தன. சென்னையிலிருந்து சினிமா டைரக்டர் வருகிறாராம். வந்தார். வேட்டியும் குடையும் மேடை ஏறின. நான் கேரம் போர்டுக்குப் பின்னால் இறங்கினேன்.

கிளப் செயலாளர் விளக்கினார்: சுரங்கத்தில் நடக்கிற கதை. கதாநாயகன், கதாநாயகி சென்னையிலிருந்து வருவார்கள். ஆனால் நண்பர்களான இரண்டு தொழிலாளிகள் கதையில் வருகிறார்கள். அந்த இரண்டு பேரையும் இங்கிருந்தே எடுக்கப் போகிறார். டைரக்டர் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"சும்மா இருக்கத் தெரிஞ்ச ஆளு ரெண்டு பேரு வேணுமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கேரம் போர்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், அவர் என்னைக் கவனிக்க வேண்டும் என்று. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வேஷம். ஒன்று என்னுடையது, அதில் சந்தேகமில்லை. இன்னொன்று யாருக்கு என்பதுதான் என் யோசனையாக இருந்தது. கேன்டீனில் சொன்னேன், முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன், மன்னார்குடியில் இருக்கும் மாமியாருக்குக் கார்டு போட்டேன். ஆக, தேர்வு நடப்பதற்கு முன்பே நான் தேர்வாகிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒருவேளை எடுக்காவிட்டால்? மாற்றல் கேட்டு ஓடலாம் என்றால், இருப்பது ஒரே சுரங்கம்.

இந்த இடத்தில் கலியமூர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ். முத்தாண்டிக்குப்பம் பக்கத்து ஆள். அவன் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவன் சுரங்கத்தில் மண் போகிற பெல்ட்டைக் கவனித்துக்கொள்கிற வேலையில் இருந்தான். என்னோடு ஒரே சமயத்தில் வேலைக்கு வந்தவன், எனக்கு முன்னால் பெர்மனன்ட் ஆனவன். அன்று அவனுக்கு முதல் மாலை போட்டது நான்தான். மாலை கழுத்தில் கொஞ்சம் இறுக்கமாக விழுந்தது என்று என் மனைவி சொல்வாள்.

தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை கெஸ்ட் ஹவுஸுக்கு வரச் சொன்னார்கள். என் சைக்கிள் டியூப் வெடித்திருந்தது. கலியமூர்த்திதான் என்னைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தான். கிளப் நடிகர்கள் அத்தனை பேரும் வராந்தாவில் இருந்தார்கள். டீ வந்தது. டைரக்டர் வரவில்லை. மறுபடி டீ வந்தது. அப்போதும் வரவில்லை. சும்மா எப்படி இருப்பது? நான் குடிகாரனாக நடந்து காட்டினேன். பல் போன சேட்டாகப் பேசிக் காட்டினேன். ஜெர்மன் இன்ஜினீயர் பச்சை மிளகாய் தின்ற கதையை நடித்துக் காட்டினேன். வராந்தாவே உருண்டது.

கலியமூர்த்தி படியில் உட்கார்ந்திருந்தான். தோட்டத்துக் குழாயில் யாரோ வாளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிரம்பியதும் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்று முழுக்க அவன் செய்தது அவ்வளவுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் குரோட்டன்ஸ் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குடை எழுந்து வந்தது. காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். காலடியில் கடலைத் தோல் குவியல்.

"எல்லாருக்கும் நன்றிங்க. பாத்தாச்சு."

"சார், இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்றேன்.

"முடிஞ்சுதுங்க. குழாயை மூடுனாரே, அந்தத் தம்பி ஆருங்க?"

கலியமூர்த்தி எழுந்து நின்றான்.

"சார், நான் அண்ணனை ஏத்திகினு வந்தவன். வூட்டுலகூட சொல்லிட்டு வரல. அண்ணன் நல்லா நடிப்பாருங்க. அவரு பண்ணட்டும், நான் சைக்கிளப் புடிச்சிகினு நிக்கறேன்."

தன் இலையில் விழுந்த பிரியாணியை நம் இலைக்குத் தள்ளுகிறவனை என்ன செய்ய முடியும்? நிம்மதியாக வயிறெரியக்கூட விடவில்லை அவன். இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தேன். டைரக்டர் குடை நுனியால் தரையில் எதையோ கிளறிக்கொண்டே சொன்னார்.

"வேடிக்கைக்காரரே, நீங்களும் வாங்க. தம்பிக்குப் பக்கத்துல நிக்க ஒரு ஆளு வேணும்."

"வசனம் சார்?"

"இல்லீங்க."

"ஒரு 'உம்' மாதிரி?"

"வேண்டாமுங்க."

"இருமலாங்களா?"

"சும்மா நில்லுங்க."

திரும்பும்போது கேரியரில் உட்கார்ந்து கலியமூர்த்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த முதுகுக்கு வசனம் உண்டு.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"என்ன வேஷம்?"

"முக்கியமான ஆளுக்கு நெருக்கமான வேஷம்."

"எவ்வளவு நெருக்கம்?"

"ஓரடி" என்றேன்.

நிற்பது என்றால் சாதாரணமா? பீரோக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் நின்றேன். துக்கத்தில் நிற்பது, துக்கத்தை அடக்கிக்கொண்டு நிற்பது, அடக்கியது போதாமல் கீழ் உதடு மட்டும் நடுங்க நிற்பது. அடுப்படிக்குப் போகிற என் மனைவி ஒவ்வொரு தடவையும், "வயித்து வலின்னா ஓமத் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

படப்பிடிப்பு தொடங்கியதும் அந்தக் கூட்டத்தில் எனக்கு முதலில் சினேகமானவர் மேக்கப்காரர். அவருக்கும் வயிற்றெரிச்சல் இருந்ததால் ஒட்டிக்கொண்டோம்.

"இந்த ஆளு படத்துல எனக்கு என்ன வேலை தெரியுமா? எல்லார் மூஞ்சியும் கழுவி விடறது. நேத்து அந்தப் பொண்ணு தானா பவுடர் போட்டுக்கிட்டு வந்து நின்னுது. ஈரத் துண்டைக் குடுத்து என்னையே தொடைக்கச் சொல்றாரு. நான் போட வேண்டிய பவுடரை நானே தொடைக்கிறேன். எந்தத் தொழில்லயாவது உண்டா இது?"

அந்தப் பெண், கதாநாயகி, சுரங்க ஓரத்துச் சாம்பல் நிறச் சேற்றில் ஒருநாள் செருப்பு புதைந்து, இழுக்க இழுக்க வராமல், கடைசியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மூன்று நாளாக அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு பக்க வசனத்தை டைரக்டர் கேட்கவே இல்லை. "அந்தக் காட்சி முடிஞ்சுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குடையோடு நடந்து போனார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை.

எங்கள் காட்சி வந்தது. இரண்டு நண்பர்களும் காண்ட்ராக்ட் ஆட்கள். ஆபீசர் வந்து, பெர்மனன்ட் ஆகிறவர் என்று ஒரே ஒரு பெயரை வாசிப்பார்: கலியமூர்த்தி வேஷத்தின் பெயர். அவன், "சரிங்க, நாளையிலேருந்து வந்துடறேன்" என்று சொல்ல வேண்டும். நான் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். இதைத் தவிரக் கதையில் எதையும் டைரக்டர் எனக்குச் சொல்லவில்லை.

பின்னால் மண் வாரும் ராட்சத மெஷின் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதே பாதிதான் கேட்கும்.

"ஒத்திகைதான்" என்றார் டைரக்டர். "சும்மா நில்லுங்க."

நின்றோம். பெயர் வாசித்தார்கள். கலியமூர்த்தி, பெல்ட் நின்றுவிட்டது என்று போர்மேனிடம் சொல்கிற அதே குரலில், "சரிங்க, நாளையிலேருந்து வந்துடறேன்" என்றான். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இதுவா நடிப்பு?

"மறுபடி ஒரு ஒத்திகை" என்று சொல்லிவிட்டு டைரக்டர் அவனிடம் வந்தார். அவன் தலையில் இருந்த ஹெல்மெட்டைத் தன் கையால் சரிசெய்தார். மடியிலிருந்து கடலை எடுத்தார். உரித்தார். ஒவ்வொன்றாக உரித்து அவன் உள்ளங்கையில் வைத்தார். மெஷின் இரைச்சலை மீறி எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உங்களாட்ட ஒரு முகத்தை எத்தனை வருசமாத் தேடிக்கிட்டு இருக்கறனுங்க தம்பி."

எனக்குத் தோலோடு கொடுத்தவர்.

அவர் நகர்ந்து போனார். பெயர் வாசித்தார்கள். கலியமூர்த்தி சரிங்க என்றான். நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியாது. நின்றேன் என்று மட்டும் தெரியும்.

பிறகு, "இப்ப டேக்குங்க" என்றார். கிளாப் கட்டை அடித்தார்கள். அதற்குத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். பெயர் வாசித்ததும் என் கண் பனித்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. துக்கத்தை அடக்கினேன், அடக்க முடியாமல் கீழ் உதட்டை விட்டேன். அது மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கியது. கன்னத்தில் நிஜமாகவே நீர் வழிந்தது. வேடிக்கை பார்க்க நின்ற ஸ்டோர்க்காரர்கள் கை தட்டினார்கள்.

"போதுமுங்க" என்றார் டைரக்டர், மெஷினைப் பார்த்து.

சாயங்காலம் டீக்கடையில் கேமராக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"அழுகையெல்லாம் பிரமாதம். ஆனா அப்ப கேமராவுல பிலிம் இல்ல."

"இல்லையா?"

"பிலிமுக்கு என்ன தட்டுப்பாடு தெரியுமா? டேக்குன்னு சொன்னா எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சுடறாங்க, எதுக்கு வீணாக்கணும்கறாரு. ஒத்திகைன்னு சொல்லித்தான் எடுப்போம். அந்த இரைச்சல்ல கேமரா ஓடறது உங்களுக்குக் கேக்காது."

"அப்ப எந்த ஒத்திகை?"

"ரெண்டாவது."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கதாநாயகியின் செருப்பும் சிரிப்பும் அப்போதுதான் புரிந்தன.

கேமராக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்களை மட்டும்னு நினைக்காதீங்க. போன படத்துல எங்கம்மா போயிட்டாங்கன்னு எனக்குத் தந்தி வந்துச்சு. படிச்சுட்டு நிமிர்ந்து பாத்தா, பக்கவாட்டுல நின்னு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருக்காரு. கேமரா என்கிட்ட இருந்துச்சு, தப்பிச்சேன்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஊருக்கு என்கூடவே வந்து, காரியம் முடியற வரைக்கும் இருந்தாரு, அதையும் சொல்லணும்" என்றார்.

எனக்கு அந்த அம்மாவுக்காக வருத்தப்படக்கூட நேரமில்லை. இரண்டாவது ஒத்திகையில் என் முகம் என்ன செய்தது? மூக்கைச் சொறிந்தேனா? வாயைத் திறந்துகொண்டு நின்றேனா? பீரோக் கண்ணாடி முன்னால் நின்று அதை மறுபடி வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை. வந்ததெல்லாம் கோழிக்குஞ்சுதான். நிஜப் பயம் வேறு. நான் அப்போது என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்பது எனக்குத் தெரியும். அது முகத்துக்கு வந்திருந்தால் கலியமூர்த்தி பார்ப்பான். வேலி தாண்டினால் அவன் வீடு. கறிவேப்பிலை அவன் வீட்டிலிருந்துதான் வருகிறது.

அவர்கள் கிளம்புகிற அன்று கெஸ்ட் ஹவுஸுக்கு ஓடினேன்.

"சார், ரெண்டாவது ஒத்திகையில நான் எப்படி நின்னேன்?"

"நல்லா நின்னீங்க" என்றார், ஜன்னல் கம்பியிடம்.

"எப்படின்னா சார்? அதை எடுத்துட்டு வேற போட முடியாதா? நான் மறுபடி நிக்கறேன். இப்பவே நிக்கறேன்."

"எப்படின்னு சொல்லிட்டா, அப்புறம் எப்பவும் அப்படி நிக்க மாட்டீங்க." கிளம்பும்போது பொட்டலத்தை நீட்டினார். எடுத்துக்கொண்டேன். அப்போதும் தோலோடுதான்.

படம் வர மாதக்கணக்காயிற்று. அதுவரை என் தூக்கம் போன கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்; சிரிக்கத்தான் வேண்டும். ஸ்டோரில் நட்டு கேட்டவனுக்கு போல்ட்டைக் கொடுத்தேன். பிலிம் ரசாயனத்தில் கழுவும்போது சில சமயம் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அப்படி நடந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். கெடவில்லை. என் முடி பிழைத்தது, மானம்தான் மாட்டிக்கொண்டது.

பக்கத்து ஊர் டென்ட் கொட்டகைக்குப் படம் வந்ததும் எங்கள் பிளாக்கே திரண்டு போனது. எனக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கலியமூர்த்தி. அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

காட்சி வந்தது. பெயர் வாசித்தார்கள். "சரிங்க, நாளையிலேருந்து வந்துடறேன்" என்று கலியமூர்த்தியின் குரல் கேட்டது. ஆனால் திரையில் அவன் முகம் வரவில்லை.

என் முகம் வந்தது. திரை முழுக்க. ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். உதட்டில் முந்தின நிமிஷத்துச் சிரிப்பு ஒன்று போக மறந்து நின்றுகொண்டிருந்தது. தாடை எதையோ மெல்லுகிற மாதிரி லேசாக அசைந்தது, வாயில் ஒன்றுமில்லை. அப்புறம் என் கண் மெதுவாகக் கீழே இறங்கி, பக்கத்தில் நிற்கிறவனுடைய உள்ளங்கைக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியாது. வேலை உத்தரவு என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். கடலை என்பது எனக்குத் தெரியும்.

பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "பாவம், அந்தாளு" என்றது. இன்னொருவன், "என்னா நடிப்புடா" என்றான். ஊரில் அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு டீ இலவசம்.

என் மனைவி மட்டும் காதோரம் குனிந்தாள். "ஏங்க, இது அவருக்கு மாலை போட்டப்ப இருந்த மூஞ்சில்ல?"

கலியமூர்த்தி பக்கம் நான் திரும்பவில்லை. படம் முடிகிறவரை திரையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. கதாநாயகி சேற்றில் நின்று சிரித்தபோது ஊரே சிரித்தது. நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

வெளியே வந்ததும் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. கை குலுக்கினார்கள். அவனை யாரும் கவனிக்கவில்லை. படம் முழுக்க முகம் வரும் என்று நம்பி வெள்ளைச் சட்டை போட்டு வந்தவன். வந்தது குரலும் முதுகும்தான். கூட்டம் கலைந்ததும் அவன் மெதுவாக வந்தான்.

"அண்ணே, எனக்கு வசனம்னு பேருதான். படத்தைத் தூக்கிகினு போனது நீங்கதான். பொறாமையா இருக்குதுண்ணே."

கேஸ் லைட் வெளிச்சத்தில் அவன் முகத்தைத் துழாவிப் பார்த்தேன். வாய்தான் பொறாமை என்றது. முகம், வாளி நிரம்புவதைப் பார்த்த அதே முகம். அதில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றுமில்லை. பொறாமைப்படக்கூடத் தெரியாத முகம் ஒருத்தனுக்கு வாய்த்திருக்கிறதே என்று எனக்கு அதன் மேலும் பொறாமை வந்தது.

கொட்டகை வாசலில் வாங்கிய கடலைப் பொட்டலம் அவன் கையில் இருந்தது. அவசரமில்லாமல் ஒன்றொன்றாக உரித்தான். என் கையை இழுத்து உள்ளங்கையை விரித்து அதில் போட்டான்.

"அன்னிக்கு என் கையைத்தானேண்ணே பாத்துகினு இருந்தீங்க" என்றான். "இந்தாங்க."

அந்த நேரத்தில் என் முகம் என்னவோ செய்தது. என்ன செய்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் எங்காவது ஒரு கறுப்புக் குடை நிற்கிறதா என்றுதான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.